கண்ணால் பார்த்த சாட்சி

சாயங்காலம் நாலேகாலுக்கு அந்தப் பச்சைப் புள்ளி திருவேட்டக்குடியில் அதே வீட்டில் போய் நின்றது. ராஜ்மோகன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடை ஷட்டரை இழுத்துவிட்டான். இன்றைக்கு நிலா தப்ப முடியாது.

காரைக்கால் பாரதியார் வீதியில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கேமரா மாட்டிக்கொடுப்பது அவன் தொழில். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், சார்ஜ் நிற்கவில்லை என்று மனைவி நிலா நீட்டிய போனைச் சரிபண்ணும் சாக்கில், அவள் போகுமிடமெல்லாம் தன் போனில் பச்சைப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கிற செயலி ஒன்றை அதில் ஒளித்துவைத்தான். கோட்டுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் அவள் டீச்சர். வீட்டுக்கு வரும் வழியில் எந்தக் கடையில் எத்தனை நிமிஷம் நின்றாள் என்பது வரை அன்றிலிருந்து அவனுக்கு அத்துப்படி. ராத்திரி சோறு போடும்போது ஒவ்வொன்றாகக் கேட்பான்.

ஒருநாள் குரும்பகரத்தில் தன் அண்ணன் வீட்டுக் கூடத்தில் வைத்து, எல்லோர் முன்னாலும் நிலா சொல்லிவிட்டாள், தன் போனே தன்னை வேவு பார்க்கிறது, அதற்கு இவர்தான் காரணம் என்று. ராஜ்மோகனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் அவன் கோபப்படவில்லை. கண் கலங்கினான். குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தான். கொஞ்ச நாளாகவே இவள் இப்படித்தான், ஃபேன் தன்னிடம் பேசுகிறது என்றுகூடச் சொல்கிறாள் என்று ஒரு பொய்யையும் சேர்த்துவிட்டான்.

அவளுடைய பெரியப்பா நீலகண்டன்தான் முதலில் நம்பினார். அவரே முன்னின்று அவளை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். ஒரு வருஷமாக நிலா மாத்திரை விழுங்குகிறாள். பாடம் நடத்தும்போது நாக்கு குழறுகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று அழுதாள். அவனுக்கு அதுவும் போதவில்லை. தன்னைக் கூனிக்குறுக வைத்த அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால் அவள் தலை தொங்கி நிற்க வேண்டும்.

அதற்கு அவளே வழி செய்து கொடுத்தாள். மூன்று வாரமாக வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் விட்டதும் புள்ளி வீட்டுக்கு வராமல் திருவேட்டக்குடிப் பக்கம் திரும்பியது. போன வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஓரடி கூட அசையாமல் கிடந்தது. கேட்டதற்கு ஸ்பெஷல் கிளாஸ் என்றாள், முகத்தைப் பார்க்காமலே. அவன் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த வியாழனுக்காகக் காத்திருந்தான்.

இன்றைக்கு, அவன் போனில் சொல்லியிருந்தபடி குரும்பகரத்தில் நிலாவின் அண்ணன் சிலம்பரசனோடு பெரியப்பாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ராஜ்மோகன் துயரத்தை வரவழைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். மூன்று வாரமாக மறைந்து மறைந்து அவள் பின்னாலேயே போனேன், குடும்ப மானம் போகக்கூடாதே என்று பொறுத்திருந்தேன் என்றான். புள்ளியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. விட்டால் அவள் அன்றைக்குச் சொன்னது நிஜமென்று ஆகிவிடும்.

சிலம்பரசன் துள்ளிக் குதிப்பான், தங்கையை வெட்டுகிறேன் என்று கிளம்புவான் என்று அவன் நினைத்திருந்தான். சிலம்பரசனோ நாற்காலியை விட்டு அசையவில்லை.

"யாராச்சும் சொன்னாங்களா மாப்ள, இல்ல நீங்களே பாத்தீங்களா?"

"நானேதான் மச்சான். என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

"இன்னைக்கும் போயிருக்கா?"

"இப்பத்தான். அவ உள்ள போயி கதவச் சாத்துனதப் பாத்துட்டு நேரா இங்கதான் வர்றேன்."

பெரியப்பா குறுக்கிட்டு, என்ன புடவை கட்டியிருந்தாள் என்று விசாரித்தார். அரக்குக் கலர் என்றான் ராஜ்மோகன், காலையில் அவள் கட்டிக்கொண்டு கிளம்பியதை நினைவில் வைத்து. நன்றாகத் தெரியுமா, வேறு யாராவது பெண்ணாக இருக்கப்போகிறது என்று அவர் மறுபடியும் கேட்டார். கட்டின பெண்டாட்டியை எனக்குத் தெரியாதா என்று அவன் குரலை உயர்த்தினான். சத்தியம் செய்யச் சொன்னார். செய்தான்.

இப்பவே கிளம்பினால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அவன் எழுந்தான். மற்ற இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பெரியப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவமானம் தாங்காமல் கிழவர் அழுகிறார் என்று நினைத்ததும் ராஜ்மோகனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. இந்தக் காட்சிக்காகத்தானே அவன் ஒரு வருஷமாகக் காத்திருந்தான்.

சிலம்பரசன் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, வாம்மா என்றான்.

அரக்குப் புடவையில் நிலா வெளியே வந்தாள். அண்ணனையும் பெரியப்பாவையும் தாண்டிவந்து புருஷனுக்கு எதிரில் நின்றாள். தலை குனியவில்லை.

"காலையிலேருந்து நான் இங்கதாங்க இருக்கேன். அங்க போனது நான் குடுத்தனுப்புன என் போன் மட்டுந்தான்."