தையல்காரியின் சாட்சி

“ஒரே ஒரு மாத்திரை, என் கண்ணு முன்னால போட்டுக்கம்மா. நான் போயிடுறேன்” என்று கெஞ்சினார் பாஸ்டர்.

தையல்காரி மெஷினை நிறுத்தவில்லை. “மாட்டேன் பாஸ்டர். கர்த்தர் சுகம் கொடுத்தப்புறம் மாத்திரை எதுக்கு?”

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். தன் விசுவாசத்தைச் சோதிக்கத்தான் வந்திருக்கிறார், அசைந்து கொடுக்கக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள். இல்லாவிட்டால் சபையில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய மனுஷர், சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு இங்கே வந்து ஏன் நிற்க வேண்டும்?

கொண்டாட்டம் என்றால் கொஞ்சநஞ்சமல்ல. பத்து வருஷமாக வலிப்புக்குச் சாப்பிட்ட மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டதாக அவள் போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு மேடையில் சாட்சி சொன்னாள். இதுதான் விசுவாசம் என்று பாஸ்டர் முழங்க, சபையே எழுந்து கை தட்டியது. பாஸ்டரம்மா முன்வரிசையிலிருந்து ஓடிவந்து கட்டிக்கொண்டு, நிஜமாகவே ஒரு மாத்திரைகூட இல்லையா என்று காதோடு கேட்டுவிட்டு அழுதார். அன்று முதல் கடைக்கு வருகிறவர்கள் துணியைக் கொடுத்த கையோடு, ஜெபிக்கச் சொல்லித் தலையையும் நீட்டுகிறார்கள்.

பாஸ்டர் விடுவதாக இல்லை. மாத்திரையை நிறுத்தினால் ஒரு வாரம் ஒன்றும் தெரியாது, அப்புறம் ஒரே நாளில் மூன்று தடவை வரும், குளியலறையில் வந்தால் கதவை உடைத்துத்தான் தூக்க வேண்டும் என்றார். நெற்றியைத் துடைத்த கையில், ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு.

“விரல்ல என்ன பாஸ்டர்?”

“அது கிடக்கட்டும்மா. நீ மாத்திரையைப் போடு.”

அவள் உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினாள். அவர் சட்டென்று துணித் துண்டுகளுக்கு நடுவே முழங்காலிட்டார். ஜெபம் பண்ணப்போகிறார் என்று அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான் அன்னைக்குப் பேசினது தப்பு. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.”

கண்ணைத் திறந்தாள். மனுஷர் அவளைப் பார்த்துத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இது சோதனை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நூல்கண்டு டப்பாவைத் திறந்து, அடியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். பாதி காலியாகியிருந்தது.

“நான் ஒரு நாளும் நிறுத்தல பாஸ்டர். ரெண்டு வருஷமா வலிப்பு வரலன்னு சொல்லத்தான் மேடை ஏறினேன். நீங்க மைக்கை நீட்டி, மாத்திரை இல்லாமலேயா, மாத்திரை இல்லாமலேயான்னு கேட்டீங்க. எல்லாரும் கை தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் நான் எப்படி மாத்தி சொல்றது?”

இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு சபைக்குப் போவது என்று அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பாஸ்டர் தடுமாறி எழுந்து, மாத்திரை அட்டையோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்பவே கிளம்பு, இதை என் சம்சாரத்துகிட்ட வந்து சொல்லும்மா. உன்னைப் பார்த்துத்தான் அவளும் நிறுத்திட்டா.”