கைதட்டி உண்ணி

"நூறு ரூபா. ஒரு பைசா குறையாது. கண்ணீர் உள்ள ஞாபகமாக்கும் மக்கா, சும்மா கிட்டுமா?"

ததேயூஸ் கடற்கரையில் மீன் ஏலம் விளிப்பவர். அவர் சொல்லும் விலையில் பாதிதான் விலை என்பது வாழைக்குலை வியாபாரி தாணுவுக்குத் தெரியும்.

"அம்பது தாறேன். இந்திரா காந்தி செத்ததுக்கு நாடு முழுக்க அழுதாச்சு. உனக்க கண்ணீருக்கு மட்டும் என்னலே தனி விலை?"

"நாடு அழுதது எல்லாவனுக்கும் தெரியும். நம்ம ஏழாம் கிளாஸ் அழுதது எவனுக்கு ஓர்மையுண்டு?"

தாணுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எண்பத்துநாலில் ஏழாம் வகுப்பில் இருந்தவர்கள் பழைய பள்ளியில் கூடியிருந்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், அந்தச் செய்தி பள்ளிக்கு வந்த நாளைப் பற்றிப் பேச வேண்டும். தாணு அன்று அப்பாவோடு சந்தையில் குலை எண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப்போகிறவர், ஊர் பார்க்க மேடையில் வாயடைத்து நிற்க முடியுமா?

"சரி, சரக்கக் காட்டு" என்றார்.

ஹால் வாசலில் நின்றபடி ததேயூஸ் குரலைத் தாழ்த்தினார். "அண்ணு காலத்தே நல்ல மழை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொல்லங்கோட்டுப் பிள்ளையளுக்கு மழை லீவு. அது தமிழ்நாடு. நமக்கு இல்ல, நாம கேரளம். காலைலயே நனைஞ்சுகிட்டு வந்து, நமக்கும் விடுவாங்களாண்ணு வாசலையே பாத்துகிட்டு இருந்தோம். உச்சைக்குச் சோறு தின்ன பிறகு ஹெட்மாஸ்டர் வந்தாரு. 'எல்லாரும் வீட்டுக்குப் போங்க'ன்னாரு. ஒரு மூச்சு விட்டுட்டு, 'பிரதமரச் சுட்டுக் கொன்னுட்டாங்க'ன்னாரு. அந்த ஒரு மூச்சுக்குள்ள எவனோ மழை லீவுன்னு கைதட்டிட்டான்."

"உண்ணியில்லியா? அதானே அவன் கைதட்டி உண்ணி."

ஹாலின் ஓரத்தில் உண்ணி மைக் செட்டோடு குந்தியிருந்தார். அன்று ஹெட்மாஸ்டரிடம் அடி வாங்கிப் போனவர் மறுபடி பள்ளிக்கு வரவேயில்லை. இன்றைக்கும் கூடலுக்கென்று வரவில்லை. நாற்காலியும் மைக்கும் வாடகைக்குக் கொடுக்க வந்திருந்தார். "நாடே அழும்போது கைதட்டினவன்" என்று ஊர் வைத்த பெயர், மகள் கல்யாணப் பந்தல் வரை கூடவே வந்தது.

"அவன் தட்டல்ல" என்றார் ததேயூஸ்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் அவனுக்க பக்கத்துல இருந்தேன். கேளு, பைசா வேண்டாம். கதை முழுக்க எடுத்துக்கோ. ஆனா 'உண்ணி கைதட்டல்ல, சாரு ஆள் மாறி அடிச்சிட்டாரு'ங்கிற வரிய விடப்பிடாது."

தாணு நெளிந்தார். செத்துப்போன ஹெட்மாஸ்டரின் மகன்தான் சிறப்பு விருந்தினர். அந்த வீட்டில் மட்டும் ஒன்பது ஓட்டு.

"அந்த வரி வேண்டாம் மக்கா. நான் அம்பதே தாறேன்."

"குலைய அறுத்து ஒத்தக் காய் விப்பியாலே? எடுத்தா மொத்தமா எடு."

பைசா வாங்காமல் கொடுப்பவன் எங்கோ பெரிதாய் வாங்கப்போகிறான் என்று தாணுவின் வியாபார புத்தி சொன்னது. ஆனால் உள்ளே மைக் கரகரத்துவிட்டது. தலையாட்டினார். மேடை ஏறியதும் அந்த வரியை விழுங்கிவிடலாம்.

முதலில் பிரேமகுமாரி பேசினார். "அண்ணு காலத்தே நல்ல மழை. கொல்லங்கோட்டுப் பிள்ளையளுக்கு லீவு..."

தாணு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"...உண்ணி கைதட்டல்ல. சாரு ஆள் மாறி அடிச்சிட்டாரு."

ஹெட்மாஸ்டரின் மகன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார். மூலையில் வயர் சுற்றிக்கொண்டிருந்த உண்ணியின் கை நின்றது.

அடுத்து லேகா. அதே மழை, அதே கொல்லங்கோடு. பின்வரிசையில் சிரிப்பு கேட்டது. மூன்றாவதாக வந்த சஜுவும் "காலத்தே நல்ல மழை" என்று ஆரம்பிக்க, ஹாலே சிரித்தது. ஆனால் "உண்ணி கைதட்டல்ல" என்று மூன்றாம் தடவை கேட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை. தலைகள் ஒவ்வொன்றாக மூலைப்பக்கம் திரும்பின.

"எலே கள்ளா, ஒரே மீன நாலு பேருக்கு ஏலம் விட்டிருக்கியே!" தாணு பக்கத்து நாற்காலியில் இருந்த ததேயூஸின் விலாவில் குத்தினார். "நான் இனி என்னத்தச் சொல்ல?"

"அதையே சொல்லு. ஒருத்தன் சொன்னா அது கதை. நாலு பேரு சொன்னாத்தான் சாட்சி."

தாணுவின் பெயரை விளித்தார்கள். மேடை ஏறினார். மழையைச் சொன்னார், லீவைச் சொன்னார், மூச்சையும் சொன்னார். அந்த வரி வந்ததும் ஒன்பது ஓட்டும் கண்ணில் ஆடியது. மூலையைப் பார்த்தார். உண்ணி எழுந்து நின்றிருந்தார், ஐம்பத்துமூன்று வயதில், வகுப்பில் பெயர் விளிக்கக் காத்திருக்கும் பையனைப்போல.

"உண்ணி கைதட்டல்ல" என்றார் தாணு, தேவைக்கு அதிகமான சத்தத்தில். "சாரு ஆள் மாறி அடிச்சிட்டாரு."

இறங்கி வந்து நாற்காலியில் விழுந்தார். அடுத்த பெயர் ததேயூஸ்.

"சரக்கெல்லாம் வித்தாச்சே, நீ இனி என்னத்தலே பேசப்போறே?"

"கொஞ்சம் மிச்சம் உண்டு" என்று சொல்லி எழுந்தார் ததேயூஸ். கடற்கரை முழுக்கக் கேட்க ஏலம் விளிக்கும் அந்தத் தொண்டை, மைக் முன்னால் சத்தமே எழாமல் நின்றது. உண்ணி தானாகவே ஒலியைக் கூட்டி வைத்தார்.

"நாலு பேரு சொன்னதும் நேராக்கும், பொய்யில்ல. அண்ணு கைதட்டினது நான். சாரு அடிச்ச அடி பதினொண்ணு. பக்கத்துல இருந்து ஒவ்வொண்ணா எண்ணினேன், வாயத் திறக்கல்ல. பதினொண்ணும் எனக்கு விழ வேண்டியது. நாப்பத்தொரு வருஷமா அவனுக்க பேருல நிக்கு."