தேயாத ரப்பர்

சஃபியாவின் மேஜையில் ஒரு போனும் ஒரு ரப்பரும் இருந்தன. கணக்கு புரியாவிட்டால் அவள் போனிடம்தான் கேட்பாள். எத்தனை முறை கேட்டாலும் அது சலிக்காமல் பதில் சொல்லும். கணக்கு என்றாலே அழுதுகொண்டிருந்தவளுக்கு அந்தப் பயமே போய்விட்டது.

ரப்பர் மட்டும் வாங்கிய நாளில் இருந்தது போலவே புதிதாக இருந்தது.

"உனக்கென்ன, கொஞ்சம்கூடத் தேயாம ராணி மாதிரி இருக்கே!" என்றது போன்.

"அதுதான் என் கவலையே. நீ விடையையும் சேர்த்துச் சொல்லிடறே, அவ அப்படியே எழுதிடறா. அடுத்த மாசம் பரீட்சைக்கு அவகூட நான்தான் போகணும். உன்னை உள்ளே விடமாட்டாங்க" என்றது ரப்பர்.

போன் யோசித்தது. அன்று மாலை சஃபியா கேட்டதும், "முதல் வரியை நீ போடும்மா, தப்பா இருந்தா சேர்ந்து பார்க்கலாம்" என்றது.

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டாள், அழித்தாள், மறுபடியும் போட்டாள். தினமும் அதுவே வழக்கமாகிவிட்டது.

பரீட்சை முடிந்து சஃபியா சிரித்துக்கொண்டே வந்து பென்சில் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ரப்பர் பாதிகூட இல்லை.

"ஐயையோ, என்னாலதானே இப்படி ஆயிட்டே!" என்று பதறியது போன்.

"ஆமா, உன்னாலதான்" என்றது ரப்பர். "ரொம்ப நன்றி."