பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி

"பேருக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் இருந்தா கண்ணுக்கே தெரியாது. யார் வேணா யார் பேர்லயும் வருவாங்க. இன்னிக்கே அடைச்சிடணும்" என்றார் குழுத் தலைவி.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவனுக்குச் சிக்கல்.

அந்த அரட்டைச் செயலியில் பயனர் பெயருக்கு எந்த எழுத்தை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று விதி எழுதுவது அவன் வேலை. புள்ளி, கோடு, பொம்மைப் படம் என எல்லாவற்றையும் சலித்து எடுத்தவன், பெயரின் கடைசியில் வரும் ஸ்பேஸை மட்டும் கோட்டை விட்டிருந்தான்.

அந்த ஓட்டை வழியே முதலில் நுழைந்தவனும் அவனேதான்.

வெளியூரில் வேலை பார்த்த அண்ணன் விபத்தில் இறந்து இரண்டு மாதமாகிறது. ஆபீஸ் வேலை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போய், காரியங்களைத் தனியாக முடித்துத் திரும்பினான். இதயம் இருக்கும் நிலையில் அம்மாவிடம் இப்போது சொல்லவே கூடாது, ஆபரேஷன் முடியட்டும் என்றார் மருத்துவர்.

அண்ணனின் கடவுச்சொல் அண்ணனோடு போய்விட்டது. அதனால் அதே பெயர், கடைசியில் ஒரு ஸ்பேஸ், அதே புகைப்படம். பழைய போன் தொலைந்துவிட்டது, கம்பெனியில் பேச விடமாட்டார்கள், இனி இதில் எழுது என்று அம்மாவுக்கு எழுதினான். அம்மா நம்பினாள். தினமும் பதில் போட்டாள்.

நாளைக் காலை அவளுக்கு ஆபரேஷன்.

புது விதி ஏறினால் இப்படிப்பட்ட கணக்குகள் மூடப்படும். அவற்றோடு பேசியவர்களுக்கெல்லாம், 'இது போலிக் கணக்கு' என்று அறிவிப்பு போகும். மருத்துவமனைக் கட்டிலில் அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அதைப் படிப்பாள்.

"நாளைக்குச் சாயங்காலம் பண்ணலாமே மேடம்" என்றான்.

தலைவி நாற்காலியை இழுத்து அவன் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்குப் போகும் அறிவிப்பை மட்டும் நைசாக எடுத்துவிடலாம் என்று வைத்திருந்த நினைப்பிலும் மண் விழுந்தது.

பொத்தானை அழுத்தினான்.

ஓர் அறிவிப்பும் போகவில்லை. அவசரத்தில் இரண்டு கட்டளைகள் முன்பின்னாக மாறியிருந்தன. போலிகளைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஸ்பேஸ்கள் அழிந்து, ஒரே பெயராகிவிட்ட கணக்குகளைச் செயலி தன் பாட்டுக்கு ஒன்றாகச் சேர்த்துவிட்டது. தலைவி தலையில் அடித்துக்கொண்டு எழுந்து ஓடினார்.

அவன் கைபேசி அதிர ஆரம்பித்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது.

அண்ணனின் பழைய கணக்குக்கு வந்து, திறக்க ஆளில்லாமல் கிடந்த செய்திகள், இப்போது அவன் தொடங்கிய கணக்கில் வந்து கொட்டின. நாள் தவறாமல் வந்திருந்தன. எல்லாம் அம்மா எழுதியவை.

கடைசிச் செய்தி அன்று காலை வந்தது.

"பெரியவனே, சின்னவன் இன்னிக்கும் உன் பேர்ல எழுதினான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியான்னு கேக்குறான். நீ என்னிக்குடா அதெல்லாம் கேட்டிருக்க? எனக்குத் தெரியும்னு நான் காட்டிக்கல. பாவம், அவன் தாங்க மாட்டான்."