திருப்பாத தேதி

ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டு மேசையில் ஒரு தேதி சீலும் மைப்பெட்டியும் இருந்தன. காலையில் கிளார்க் ஜெசிந்தா தேதிச் சக்கரத்தைத் திருப்ப மறந்து, குணமாகி வீட்டுக்குக் கிளம்பிய மருதாசலத்தின் டிஸ்சார்ஜ் சீட்டில் ஓங்கிக் குத்தினாள்.

“ஐயோ, நேத்துத் தேதி விழுந்துடுச்சே,” என்று சீல் முனகியது.

“திருப்ப வேண்டியது அவங்க. குத்து வாங்குறதோட நம்ம வேலை முடிஞ்சுது,” என்றது மைப்பெட்டி. நேற்று வாங்கிய குத்துகளே இன்னும் வலித்ததால், இன்னொரு குத்துக்குப் பயந்து சீலும் அதை ஒத்துக்கொண்டது.

மத்தியானம் மருதாசலம் துணிப்பையோடு திரும்பி வந்தார். “நேத்தே போன ஆளு இன்னிக்கு எப்படிப் போவேன்னு வாட்ச்மேன் விடமாட்டேங்கிறாரும்மா. இங்க என் கட்டில்லயும் வேற ஆளு படுத்தாச்சு.”

ஜெசிந்தா எதிரே நின்ற கூட்டத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே சக்கரத்தைத் திருப்பி, மறுபடி குத்திக் கொடுத்தாள். அவர் கும்பிட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார்.

“இப்பவாவது சரியா?” என்று மைப்பெட்டி கேட்டது.

“ரெண்டு தரம் திருப்பிட்டாங்க. நாளைத் தேதி.” அவரைக் கூப்பிடலாமா என்று சீல் யோசித்தது. வராந்தா ரொம்ப நீளமாகத் தெரிந்தது.

“விடு,” என்று மைப்பெட்டி கொட்டாவி விட்டது. “நாளைக்குக் காலையில திருப்புற வேலையாவது மிச்சம்.”

சீலுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.