தண்ணீருக்கு வந்த காய்ச்சல்

தினமும் காலையில் லேப் டெக்னீஷியன் சி.ஆர்.பி. மெஷினில் வெறும் தண்ணீரைத்தான் முதலில் சோதிப்பாள். சி.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம். தண்ணீருக்குப் பூஜ்ஜியம் வந்தால்தான் மெஷினை நம்பி நோயாளிகளைக் கூப்பிடலாம். திங்களன்று வெளியே கூட்டம் நெரிய, தொண்ணூற்றாறு வந்தது. வேறு பாட்டிலைத் திறந்தாள், பூஜ்ஜியம்.

"அக்கா, பழைய பாட்டிலுக்குக் காய்ச்சல்!"

"மாத்திரை குடு, சரியாப் போயிடும்" என்று சிரித்த சீனியர், தன் பையில் கிடந்த ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் மாத்திரை அட்டையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

அந்தப் பாட்டிலுக்குச் செவ்வாயன்று அறுபது, புதனன்று இருபது, வியாழனன்று பூஜ்ஜியம்.

அட்டையில் மூன்று மாத்திரைகளைக் காணோம். பாட்டிலில் மூன்று மடக்குத் தண்ணீர் குறைந்திருந்தது. அறைச் சாவி டெக்னீஷியனிடம்தான் இருந்தது.

அட்டையை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தாள்.

"தேவலைன்னு பாதியில நிறுத்திடாதே கண்ணு. மிச்சம் ரெண்டையும் முழுங்கிடு."