பொன்னுராஜ் சொன்ன விலை

“மதுரையிலருந்து ரேடியோ மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாரேன்னுதான் வாங்க வந்த இவரு சொன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். தேனி ரேடியோக்கடை பொன்னுராஜ் அண்ணாச்சி வாயில பொய் வராது. அவுக சொன்னா அதுதான் வெல” என்றாள் பஞ்சம்மாள்.

பொன்னுராஜின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

காமயகவுண்டன்பட்டியில், திராட்சைத் தோட்டத்துக் கொட்டகையில் நின்றது அந்த ஆஸ்டின் கார். ஐம்பதாம் வருஷத்து வண்டி. இந்த எண்பத்திரண்டோடு அதற்கு முப்பத்திரண்டு வயசு. பஞ்சம்மாளின் புருஷன் தவசி செத்து ஒன்பது வருஷமாக நாலு சக்கரத்திலும் காற்றில்லை. வண்டியோடு வந்த ரேடியோ மட்டும் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

அந்த ரேடியோவை மட்டும் வாங்க வந்திருப்பவர் போடி ஏலக்காய் வியாபாரி சண்முகராஜ். அவரிடமும் இதே ஆஸ்டின் உண்டு. ரேடியோ இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. மெட்ராஸில் பழைய கார் கண்காட்சி வைக்கிறார்களாம், அங்கே எல்லாமே ஒரிஜினலாக இருந்தால்தான் மதிப்பாம்.

“வெட்டு ஒன்னு துண்டு ரெண்டாச் சொல்லிருங்க அண்ணாச்சி. உள்ள அந்தக் காலத்து வால்வு அப்படியே இருந்தா மூவாயிரம். எவனாச்சும் கைய வச்சு மாத்தியிருந்தா முந்நூறுகூடத் தேறாது” என்று சொல்லிவிட்டு, சண்முகராஜ் காரின் பின்பக்கத்தைப் பார்க்கப் போனார்.

அந்த எவன், பொன்னுராஜ்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தவசி இந்த ரேடியோவை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தார். அந்த வாரம் பார்த்து ஓர் எஸ்டேட் முதலாளி, இதே மாதிரி ஒன்று கிடைத்தால் என்ன விலையானாலும் சரி என்று சொல்லியனுப்பினார். புத்தி கெட்டுப்போனது. உள்ளே இருந்ததை அலுங்காமல் உருவிக்கொண்டு, ஒரு டிரான்சிஸ்டர் செட்டை வைத்து மூடிக் கொடுத்துவிட்டார்.

பத்தே நாளில் தவசி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அவருக்கு மாலை போட்டுவிட்டு வந்த கையால் அதை விற்க மனசு வரவில்லை. திருப்பிக் கொடுக்க வாயும் வரவில்லை. சாக்கில் சுற்றிக் கடைப் பரணில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் அந்தச் சாக்குதான் தெரியும்.

பஞ்சம்மாள் மோர் கொண்டுவந்து நீட்டினாள். “குடிங்க அண்ணாச்சி. அங்கன பாருங்க, பந்தல் காயுது. கெணத்த இன்னும் பத்தடி வெட்டுனாத்தான் கொடி பொழைக்கும். இந்தக் காசத்தான் நம்பிக் கெடக்கேன்.”

பின்னால் சண்முகராஜ் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“ஒங்க கைராசி யாருக்கு வரும்? முன்னெல்லாம் போட்டா ஒரு நிமிசம் உர்ருனு கெடந்து அப்புறம்தான் பாடும். நீங்க பாத்துக் குடுத்த பெறகு திருகுன ஒடனே பாடுச்சே! பாட்டரி சாகுற வரைக்கும் அப்படித்தான்.”

அட கொடுமையே, திருட்டுக்குக் கைராசின்னு பேர் வைக்கிறாளே இந்தப் பொம்பளை! பொன்னுராஜுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ரேடியோவைக் கழற்றி மடியில் வைத்து மேல் மூடியைத் திறந்தார். அவர் வைத்த டிரான்சிஸ்டர் பலகை அவரையே பார்த்தது. பின்னால் சண்முகராஜின் செருப்புச் சத்தம் கேட்டது. உண்மையைச் சொன்னால் கிணறு போச்சு, கூடவே தன் பெயரும் போச்சு.

படக்கென்று மூடியைப் போட்டார்.

“மூவாயிரம் தாராளமாப் போகும். ஆனா உள்ள தூசி மண்டிக் கெடக்கு. கடைக்குக் கொண்டுபோயிச் சுத்தம் பண்ணிட்டு வாரேன். நாளைக்கு மத்தியானம் வாங்க, பாட வச்சே கையில குடுக்கேன்.”

மறுநாள் மத்தியானம் மூவரும் அதே கொட்டகையில் நின்றார்கள். பொன்னுராஜ் ரேடியோவை அதன் இடத்திலேயே பொருத்தி, கையோடு கொண்டுவந்த பாட்டரியை மாட்டிக் குமிழைத் திருகினார். சத்தமே இல்லை.

“என்ன அண்ணாச்சி, ஊமையாக் கெடக்கு?” சண்முகராஜின் முகம் மாறியது.

“கொஞ்சம் பொறுங்க. வால்வு சூடாக வேணாமா?”

உர்ரென்று ஒரு முனகல் கிளம்பியது. பஞ்சம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் கழித்து, கரகரவென்று திருச்சி ஸ்டேஷன் பாடியது.

சண்முகராஜ் சின்னப் பிள்ளையாகக் கைதட்டினார். மூவாயிரத்தைப் பஞ்சம்மாளிடம் கொடுத்துவிட்டு, ரேடியோவைக் கழற்றி வாங்கிக்கொண்டு போடிக்குக் கிளம்பிவிட்டார்.

பொன்னுராஜ் போகவில்லை. இன்றைக்கும் சொல்லாமல் போனால் செத்தாலும் சொல்லப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

“தங்கச்சி, ஒன்னு சொல்லணும். கேட்டுட்டு நீ காறித் துப்புனாலும் வாங்கிக்கிடுதேன். அந்தப் பெட்டிக்குள்ள நேத்து வரைக்கும் இருந்தது…”

“தெரியும்” என்றாள் பஞ்சம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பணத்தை மடியில் முடிந்தாள்.

“மதுரை ஆளக் கூப்பிட்டிருந்தா, பழசு திரும்பி வந்திருக்குமா அண்ணாச்சி?”